ஓரிடத்தில் உட்காராத பெண்

"இவளுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கு!" என்று அலுத்துக்கொள்ளாத அம்மா உண்டா? சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுப் பாடம் எழுத உட்கார வைத்தால் பென்சில் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். "உங்கள் பெண் தானும் படிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர்களையும் படிக்க விடுவதில்லை" என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்துவிட்டால் அன்று ராத்திரி நமக்குத் தூக்கம் போச்சு!

1930களில் இங்கிலாந்தில் ஓர் அம்மாவுக்கும் இப்படித்தான் தூக்கம் போயிற்று. லண்டனை ஒட்டிய பிராம்லி என்ற ஊர். பெண்ணின் பெயர் ஜிலியன். 'ரிகிள் பாட்டம்', அதாவது உட்கார்ந்த இடத்தில் நெளிகிறவள் என்று அவளுக்குப் பட்டப்பெயரே இருந்தது. ஏதோ கோளாறு என்று பயந்துபோன அம்மா, அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அம்மா குறைகளை அடுக்க அடுக்க, டாக்டர் பொறுமையாகக் கேட்டாராம். பிறகு, "நாங்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம், நீ இங்கேயே இரு" என்று சிறுமியிடம் சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த ரேடியோவைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாராம். வெளியிலிருந்து இருவரும் எட்டிப் பார்த்தால், உள்ளே பாட்டுக்குத் தக்கபடி அறை முழுவதும் ஆடிக்கொண்டிருக்கிறாள் பெண்! இவளுக்கு நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. இவள் ஆடப் பிறந்தவள், நடன வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றாராம் டாக்டர்.

பிற்காலத்தில் ஜிலியன் லின் என்று உலகம் அறிந்த நடனக் கலைஞரின் கதை இது. இதை அவரே சொல்லியிருக்கிறார். கல்வியாளர் கென் ராபின்சன் 2006ஆம் ஆண்டு தம்முடைய பிரபலமான சொற்பொழிவு ஒன்றில் இதைச் சொன்ன பிறகு, நடனம் பற்றி ஒன்றும் அறியாதவர்களுக்குக்கூட இது தெரிந்துபோயிற்று.

எனக்கு இந்தக் கதையில் டாக்டரைவிட அந்த அம்மாவைத்தான் பிடிக்கிறது. "டான்ஸாவது, மண்ணாவது! படிப்பு வர மருந்து கொடுங்கள்" என்று அவள் சண்டை போடவில்லை. சொன்னபடி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே போன பிறகுதான், தன்னைப் போலவே ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று ஜிலியனுக்குத் தெரிந்ததாம். அதே பிராம்லி வகுப்பில் ஆடிய இன்னொரு சிறுமிதான் பின்னாளில் பெரிய பாலே நட்சத்திரமாக விளங்கிய பெரில் கிரே.

எல்லாத் துறுதுறுப்பும் ஒன்றல்ல

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "என் பிள்ளைக்கும் டாக்டர் வேண்டாம், டான்ஸ் கிளாஸ் போதும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜிலியனை அவளுடைய அம்மா முதலில் டாக்டரிடம் காட்டினாள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாலைந்து வயதுக் குழந்தை ஓடுவதும் குதிப்பதும் இயல்பு. ஆனால் வயதுக்கு மீறிய பரபரப்பும் கவனம் நிலைக்காமையும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டில் மட்டுமில்லாமல் பள்ளியிலும் இருந்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால், அது 'ஏ.டி.எச்.டி.' என்கிற குறைபாடாக இருக்கலாம். பன்னிரண்டு வயதுக்குள்ளேயே இதன் அடையாளங்கள் தெரிந்துவிடும். ஜிலியன் சிறுமியாக இருந்த காலத்தில் இந்தப் பெயரே கிடையாது. இன்று பெயரும் இருக்கிறது, பயிற்சியும் சிகிச்சையும் இருக்கின்றன. காது சரியாகக் கேட்காத பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை, ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளை, இவர்களும் வகுப்பில் நிலைகொள்ளாமல்தான் இருப்பார்கள். அதனால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, காது, கண், தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. மருந்து தேவை என்று அவர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அது எதுவும் இல்லை என்றால்? பிள்ளையின் கைகால் எதைத் தேடுகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பந்தா, நீச்சலா, மிருதங்கமா, பரதமா? ஐந்திலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. பரீட்சை வந்தால் முதலில் நாம் நிறுத்துவது அதைத்தானே!

பதின்மூன்று வயதில் விழுந்த இடி

ஜிலியன் பார்பரா பைர்க் பிறந்தது 1926ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ல். நடன வகுப்புக்கு வழிகாட்டிய அம்மா, மகள் மேடையேறிப் புகழ் பெறுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1939 ஜூலையில் மூன்று சிநேகிதிகளோடு காரில் போனபோது விபத்து. நால்வரும் இறந்துவிட்டார்கள். ஜிலியனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

இரண்டு மாதத்துக்குள் இரண்டாவது உலகப் போர் மூண்டது. அப்பா ராணுவத்துக்குப் போய்விட்டார். குண்டு விழும் என்று லண்டன் பக்கத்துப் பிள்ளைகளைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஜிலியனும் ஒருத்தி. தாயும் இல்லாமல், வீடும் இல்லாமல் அந்த வயதுப் பெண் எப்படித் தவித்திருப்பாள்! அந்த நாட்களை அவர் 2011-ல் வெளியிட்ட தம்முடைய 'எ டான்ஸர் இன் வார்டைம்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அம்மா காட்டிய நடனம்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது.

போர்க்காலத்தில் மாலி லேக் என்ற அம்மையாரின் சிறு பாலே குழுவில் சேர்ந்து ஆடினார். அங்கே அவரைப் பார்த்தவர் நினெட் டி வலுவா. பிரிட்டனின் ராயல் பாலேக்கு அஸ்திவாரம் போட்ட பெண்மணி. கண்டிப்புக்குப் பெயர் போனவர். போர் முடியுமுன்பே ஜிலியனைத் தம்முடைய சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழுவில் சேர்த்துக்கொண்டார். மேடைக்காக 'பைர்க்', 'லின்' ஆயிற்று.

லண்டனில் கோவன்ட் கார்டனில் உள்ள ராயல் ஆப்பரா ஹவுஸ் போர்க்காலம் முழுக்கப் பொது நடனக் கூடமாக இருந்தது. 1946 பிப்ரவரி 20 அன்று 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேயுடன் அதை மறுபடி திறந்தார்கள். இளவரசியாக ஆடியவர் மார்கோ ஃபான்டெய்ன். அதே மேடையில் ஆடிய ஜிலியனுக்கு அன்றைக்குத்தான் இருபது வயது நிறைந்தது. பிறந்த நாளுக்கு இதைவிடப் பரிசு வேண்டுமா?

காலிலிருந்து கண்ணுக்கு

1951-ல் பாலே குழுவை விட்டு வெளியே வந்துவிட்டார் ஜிலியன். லண்டன் பலேடியம் அரங்கில் நட்சத்திர ஆட்டக்காரி ஆனார். 1953-ல் எரால் ஃப்ளின்னோடு 'தி மாஸ்டர் ஆஃப் பாலன்ட்ரே' என்ற சினிமாவில் நடித்தார். அடுத்த வருஷம் 'கான்-கான்' இசை நாடகம். உயர்ந்த பாலேயை விட்டுவிட்டு ஜனரஞ்சக மேடைக்குப் போவது சிலருக்கு இறங்கி வருவதாகத் தோன்றலாம். ஆனால் பின்னால் அவருக்குச் சோறு போட்டது இந்த இரண்டு பக்கப் பழக்கமும்தான் என்பது என் எண்ணம்.

ஆட்டக்காரிக்குக் காலம் குறைவு. முழங்காலும் கணுக்காலும் ஒருநாள் "போதும்" என்று சொல்லிவிடும். அப்புறம் என்ன செய்வது? பலர் வகுப்பு எடுக்கப் போவார்கள். ஜிலியன் மற்றவர்களுக்கு ஆட்டம் அமைக்கத் தொடங்கினார்.

நம் சினிமாவில் டான்ஸ் மாஸ்டர் என்கிறோமே, அந்த வேலைதான். ஆனால் இசை நாடக மேடையில் அது இன்னும் கஷ்டம். காமிரா வெட்டி ஒட்ட முடியாது. ஒவ்வொருவர் எந்த அடியில் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், ஆடிக்கொண்டே பாட மூச்சு எங்கே கிடைக்கும், இருட்டில் யார் எந்தப் பக்கம் மறைய வேண்டும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட வேண்டும். அதுவும் ஒருநாள் கூத்து இல்லை. வாரத்தில் எட்டு ஆட்டம், வருஷக்கணக்கில்!

1963-ல் எடின்பரோ விழாவில் 'கொலாஜஸ்' என்ற நிகழ்ச்சியைத் தாமே நடனம் அமைத்து, தாமே இயக்கினார். ஜாஸ் இசையும் பாலேயும் கலந்த புதுமை. அதைப் பார்த்த அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் மெரிக் அவரை நியூயார்க்கின் பிராட்வேக்கு அழைத்துக்கொண்டார். 1965-ல் அங்கே இரண்டு நாடகங்கள். அப்புறம் சினிமா, டெலிவிஷன். பொம்மைகள் நடிக்கும் 'மப்பெட் ஷோ'வுக்குக்கூட வேலை செய்திருக்கிறார். 1976-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 'காமெடி ஆஃப் எர்ரர்ஸ்' நாடகத்தைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றியபோது நடனம் இவருடையது. இயக்குநர் டிரெவர் நன். இந்த அறிமுகம்தான் பூனைகளுக்கு வழி திறந்தது.

பூனைகள் செய்த அற்புதம்

ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் குழந்தைகளுக்காகப் பூனைகளைப் பற்றி எழுதிய பாட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. 1939-ல் வந்தது. ஜிலியன் தாயை இழந்த அதே வருஷம். அந்தப் பாட்டுகளுக்கு ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்து, 'கேட்ஸ்' என்ற நாடகம் தயாரானது.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மனிதர்களே இல்லை, எல்லாம் பூனை. யார் பணம் போடுவார்கள்? லாயிட் வெப்பர் தம் வீட்டையே அடமானம் வைத்தார். பிரிட்டிஷ்காரர்களுக்கு நடிப்பு வரும், அமெரிக்கர்களைப் போல ஆட்டம் வராது என்றொரு பேச்சு வேறு அந்தக் காலத்தில் உண்டு. ஆட்டத்தை மட்டுமே நம்பி ஒரு முழு நாடகம் என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஜிலியனுக்கு அப்போது 55 வயது. ஓய்வைப் பற்றி மற்றவர்கள் பேசத் தொடங்கும் வயதில், அவர் முழுக்கூட்டத்தையும் நாலு காலில் நடக்க வைத்தார். பூனை சோம்பல் முறிக்கும்போது முதுகு எப்படி வளைகிறது, பாயுமுன் பின்னங்கால் எப்படிப் பதுங்குகிறது, ஒன்றையொன்று பிடிக்காவிட்டால் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒவ்வொன்றையும் நடனமாக்கினார். அதில் பாலே, ஜாஸ், கழைக்கூத்து எல்லாம் கலந்திருந்தன. ஒரு பூனையைப் போல இன்னொன்று ஆடாது. கிழப் பூனைக்கு ஒரு நடை, திருட்டுப் பூனைக்கு ஒரு நடை. முதல் பாதியில் எல்லாப் பூனைகளும் சேர்ந்து ஆடும் 'ஜெல்லிகிள் பால்' என்ற நீண்ட ஆட்டம் பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும்.

ஒத்திகைக் காலத்தில் புகழ்பெற்ற நடிகை ஜூடி டெஞ்சுக்குக் குதிகால் நரம்பு அறுந்து அவர் விலக நேர்ந்தது. அவர் நடிக்க இருந்த இடத்துக்கு எலெய்ன் பெய்ஜ் வந்தார். இத்தனை தடைகளையும் தாண்டி 1981 மே 11 அன்று லண்டனில் நியூ லண்டன் தியேட்டரில் திரை விலகியது.

என்ன ஆயிற்று தெரியுமா? சரியாக 21 வருஷம், 2002 மே 11 வரை ஓடிற்று. 8,949 ஆட்டங்கள்! 1982-ல் பிராட்வேக்குப் போய் அங்கே 7,485 ஆட்டங்கள். நடனத்துக்காக லண்டனின் ஆலிவியர் விருதும் ஜிலியனுக்குக் கிடைத்தது. 1983-ல் வியன்னாவில் 'கேட்ஸ்' அரங்கேறியபோது இயக்கியவரும் அவரே.

1986-ல் அதே லாயிட் வெப்பரின் 'ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா'வுக்கும் நடனமும் மேடை அசைவுகளும் ஜிலியன் லின்னுடையவை. நியூயார்க்கில் அது 1988-லிருந்து 2023 ஏப்ரல் வரை 13,981 ஆட்டங்கள் நடந்தது. நடுவில் 1987-ல் ஓவியர் லௌரியின் வாழ்க்கையைப் பற்றி பி.பி.சி.க்காக 'எ சிம்பிள் மேன்' என்ற பாலேயை அமைத்து பாஃப்டா பரிசும் வாங்கினார். லௌரி, நோயாளித் தாயைக் கடைசிவரை கூடவே இருந்து கவனித்த மகன்.

சொந்த வாழ்க்கையிலும் அவர் வயதைப் பார்த்து அஞ்சியவர் இல்லை. 1980-ல், 54 வயதில், தம்மைவிட 27 வயது இளையவரான நடிகர் பீட்டர் லாண்டை மணந்துகொண்டார். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டவர்களுக்கு 38 வருஷ இல்லறமே பதில்.

யார் அமைத்த ஆட்டம்?

கதை எழுதினால் புத்தகம் நிற்கிறது. பாட்டுப் போட்டால் இசைத்தட்டு நிற்கிறது. ஆட்டம்? அது ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகிற சொத்து. குழுவில் ஒருவர் விலகினால், ஒவ்வொரு அடியையும் நினைவில் வைத்திருக்கும் மூத்த ஆட்டக்காரர் புதியவருக்குச் சொல்லித் தருவார். கைமணம் மாதிரிதான். பாட்டி வைத்த குழம்பை நாம் எல்லோரும் வைக்கிறோம்; குழம்பு பாட்டியினுடையது என்று யார் எழுதி வைத்தார்கள்?

2016-ல் 'கேட்ஸ்' பிராட்வேயில் மறுபடி அரங்கேறியபோது நடனத்தை வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஜிலியன் லின்னின் ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டது என்று பெயர் போட்டாலும், அவருடைய வேலையின் மேல் இன்னொரு கை விழுந்தது. தொண்ணூறு வயதில் அவர் அதை வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளவில்லை. கோபமும் வருத்தமும் தாங்க முடியவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"இந்த வயசில் இவருக்கு எதற்கு வம்பு?" என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் செய்த வேலையை நாம்தான் செய்தோம் என்று சொல்வது கர்வம் இல்லை. பெண்கள் அதைச் சொல்லத் தயங்கித் தயங்கியே எத்தனையோ வேலைகள் பெயர் இல்லாமல் போய்விட்டன.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெயர் வேறு விதமாக நிலைத்தது. 'கேட்ஸ்' பிறந்த அதே நியூ லண்டன் தியேட்டருக்கு 2018-ல் லாயிட் வெப்பர் 'ஜிலியன் லின் தியேட்டர்' என்று பெயர் சூட்டினார். லண்டன் வெஸ்ட் எண்டில், அரச குடும்பத்தைச் சேராத ஒரு பெண்ணின் பெயர் அரங்குக்கு வைக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2014-லேயே 'டேம்' பட்டம் பெற்றிருந்த அந்த அம்மையாரை, ஜூன் 22 அன்று நடந்த விழாவில் ராணியைப் போல அலங்கார நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒன்பது நாள் கழித்து, ஜூலை 1 அன்று, 92ஆம் வயதில் காலமானார். பெயர்ப்பலகையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஒரு நிறைவு.

தினம் காலையில்...

கடைசியாக, நம் வீட்டுக்கு உதவும் சமாசாரம். எண்பது வயதுக்கு மேலும் அவரால் ஒத்திகையில் நின்று, அடி போட்டுக் காட்ட முடிந்தது எப்படி? தினமும் காலையில் தவறாமல் உடற்பயிற்சி. தொண்ணூறை நெருங்கும் வயதில், வயதானவர்களுக்கென்று தம்முடைய பயிற்சிகளை ஒரு டி.வி.டி.யாகவே வெளியிட்டார்.

நாம் அவரைப் போல ஆட வேண்டாம். இவ்வளவு செய்தால் போதும்:

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேகமான நடை; நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். சமையலறையில் நாள் முழுக்க நிற்பது இந்தக் கணக்கில் சேராது!

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள்.

வீட்டில் மாமியார், அம்மா இருந்தால் அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் நிதானப் பயிற்சி. மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வயதானவர்களை முடக்கிப் போடுவது விழுதல்தானே!

எடுத்த எடுப்பில் குதிக்காமல், ஐந்து நிமிஷம் மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் டாக்டர் தடுக்காத வரை நடக்கலாம், நடக்கவும் வேண்டும். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

நேரம் எங்கே என்கிறீர்களா? சாயங்காலம் பிள்ளைகள் வீட்டில் குதிக்கும்போது, "சும்மா இரு" என்று அதட்டுவதற்குப் பதில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு நீங்களும் பத்து நிமிஷம் சேர்ந்து ஆடுங்களேன். அவர்களுக்கும் கணக்கில் சேரும், உங்களுக்கும் சேரும்.